பின்சீட்டுக் குரல்

நான் இல்லை என்றேன். சத்தியமா நான் இல்லப்பா என்று மறுபடி சொன்னபோது எனக்கே அது பொய்யாகக் கேட்டது, ஏனென்றால் பி.டி. சாரின் விசிலை ஒளித்து வைத்துவிட்டு அவர் முன்னால் நின்று சத்தியம் பண்ணும்போது ஒரு குரல் போடுவேன், முகத்தில் பால் வடிகிற குரல், அதுதான் இப்போதும் வந்தது, வேறு எதுவும் வரவில்லை, உள்ளதை உள்ளபடி சொல்வதற்கென்று ஒரு குரலை நான் எடுத்து வைத்துக்கொள்ளவே இல்லை போலிருக்கிறது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். மோட்டார் சைக்கிளுக்கு வேறு சீட்டுப் போட சிம்மக்கல் பக்கம் சிக்கந்தர் பாய் கடைக்கு வந்தோம், அப்பா வண்டியில், நான் பஸ்ஸில். சுவர் முழுக்கக் கொக்கிகளில் சீட்டுகள் தொங்கின. அப்பா ஒரே ஒரு ஆள் உட்காருகிற, அடியில் ஸ்பிரிங் வைத்த சீட்டைத் தொட்டு, "இதை மாட்டுங்க பாய். பின்னாடி கால்மிதி, சேலை மாட்டாம இருக்க வச்ச கம்பி, எல்லாத்தையும் கழட்டிருங்க" என்றார். பாய் தாடியைச் சொறிந்தார். "சார், காலைல உங்க வீட்டம்மா போன் பண்ணுனாங்களே. அவரு வந்து ஒத்தச் சீட்டுத்தான் கேப்பாரு, குடுத்துறாதீங்க, ரெண்டு பேரு உக்கார்ற நீளச் சீட்டுத்தான் போடணும்னாங்க. இனிமே ஒரு பக்கமா உக்கார மாட்டாகளாம், ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உக்காருவாகளாம், அதுக்குத் தோதா அகலம் குறைச்சு வேணும்னாங்க. அதோட இன்னொரு விசயமும்..." அப்பா கையை நீட்டி பாயின் போனை வாங்கிப் பார்த்தார். என் நம்பர். அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். "போதும் பாய். அது என் மகன். எல்லார் குரல்லயும் பேசுவான்." பாய் என்னை மேலும் கீழும் பார்த்து, "அட நம்ம தம்பியா! யா அல்லா, நான் என்னமோ நெசம்னு நெனச்சு ஒரு மணி நேரமா நீளச் சீட்டுக்கு ஃபோம் அறுத்து வச்சிருக்கேன்" என்று சிரித்தார். பிறகு ஒற்றைச் சீட்டுக்கு வேற போல்ட்டு வேணும், பக்கத்துத் தெருவில் வாங்கிட்டு வந்துறேன், உக்காருங்க என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் திரும்பி வருகிற வரைக்கும்தான் எனக்கு நேரம்.

என் போன்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பேசினது நான் இல்லை, இதை எந்தக் கோர்ட்டில் சொல்வது, குரங்கு அப்பம் திருடவில்லை என்று குரங்கே வந்து சொன்னால் யார் கேட்பார்கள். அம்மாவின் போன் அம்மா வண்டியிலிருந்து விழுந்த அன்றைக்கே அம்மாவோடு ரோட்டில் விழுந்து நொறுங்கியது. வேறு வாங்கித் தருகிறோம் என்றதற்கு, நான் யார்கூடப் பேசப்போறேன் என்றுவிட்டாள். காலையில் நான் குளிக்கப் போகும்போது என் போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் பாயின் விசிட்டிங் கார்டு. முந்தின நாள் நான்தான் அம்மாவிடம் போய், அப்பா நாளைக்கு ஒத்தச் சீட்டு மாட்டப் போறாராம் என்று சொன்னேன், அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆக அம்மா எழுந்திருக்கிறாள். கட்டிலிலிருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும், ஆஸ்பத்திரியில் ஊன்றி நடக்கக் கொடுத்த நாலுகால் கம்பியை முன்னால் நகர்த்தி நகர்த்தி, யாரும் பிடிக்காமல், நான் பாத்ரூமில் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பைச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று நான் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அம்மா நடந்திருக்கிறாள். அப்பாவிடம் சொல்ல வேண்டியது சீட்டுப் பற்றி இல்லை, இதுதான், அம்மா நடந்திருக்காங்கப்பா. சொன்னேன். "அம்மாதாம்ப்பா பேசியிருக்காங்க. ஃப்ரிட்ஜ் வரைக்கும் நடந்து போயி எடுத்திருக்காங்க." அப்பா ஒற்றைச் சீட்டின் ஸ்பிரிங்கை விரலால் அழுத்தி விட்டார், அது கிரீச் என்றது. "அவ பேசுவாளா?" என்றார். அவ்வளவுதான். விழுந்ததிலிருந்து அம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எனக்குத்தானே நன்றாகத் தெரியும், நடுவில் தபால்காரன் நான்தானே. உங்கப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீரப்போகுதாம். உங்கம்மாகிட்ட சொல்லு, புக் பண்ணியாச்சு. உங்கப்பாகிட்ட சொல்லு, எனக்குப் பசியில்ல. ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஆரம்பத்தில் எனக்கு அது கொண்டாட்டமாகக்கூட இருந்தது, அப்பா சொன்னதை அப்பா குரலிலேயே கொண்டுபோய் அங்கே இறக்குவேன், அம்மா சொன்னதை அம்மா குரலில் இங்கே, ரேடியோ நாடகம் மாதிரி, யாராவது ஒருத்தர் சிரித்துவிட்டால் போதும், சுவர் விழுந்துவிடும் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அப்பா இப்போது சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார், பார்ப்பது மாதிரி நிற்கிறார். பிருஷ்டத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிற ரேஸ் சீட்டு. அது காலேஜ் சீனியர் மாதிரி பேசும், டேய் ஜூனியர், இங்க வாடா. ஜெல் வைத்த சீட்டு விளம்பரத்துக்காரி மாதிரி, நீண்ட பயணமா, இனி கவலை வேண்டாம். காபிக்கொட்டை நிறத்தில் கட்டம் கட்டமாகத் தையல் போட்டது ஒன்று, அது அப்பாவின் கடை முதலாளி மாதிரி, அழகுமலை, என்ன, கல்லாப் பக்கம் ஆளையே காணோம். அழகுமலை என்பது அப்பா. வாயைத் திறந்து இதில் ஒன்றை எடுத்துவிட்டால் என்ன, பாதி சிரிப்பாவது வராதா, வராது, அந்த முதலாளி குரலை இரண்டு மாதத்துக்கு முன்னால் போட்டுப் பார்த்தாயிற்று. அப்பா பெரிய துணிக்கடையில் சூப்பர்வைசர், காலையில் அயர்ன் பாக்ஸ் மேஜையில் தட்டுகிற சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன், அவர் சட்டைக் கை மடிப்பில் வெண்டைக்காய் நறுக்கலாம் என்று அம்மா சொல்வாள், அப்படிப்பட்டவர் அம்மா விழுந்ததிலிருந்து அயர்ன் பாக்ஸைத் தொடுவதில்லை, பரணில் தூக்கிப் போட்டுவிட்டார், கொடியிலிருந்து உருவி அப்படியே மாட்டிக்கொண்டு போகிறார். நான் முதலாளி குரலில், அழகுமலை, நீங்க துணி விக்கிற ஆளா, மூட்டை தூக்குற ஆளா என்றேன். அப்பா சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார், ஏதோ வேறு ஒருத்தருடைய சட்டையைப் பார்ப்பது மாதிரி. பாயைக் காணோம். வரட்டும், இல்லை, வரக்கூடாது. போல்ட்டுக் கடை பூட்டியிருக்கட்டும். மதுரையில் இன்றைக்கு ஒற்றைச் சீட்டு போல்ட்டே கிடைக்காமல் போகட்டும். நீங்கள் அழைக்கும் போல்ட்டு தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது.

வண்டியைப் பார்க்கிறேன். பாய் பழைய சீட்டைக் கழற்றிவிட்டுப் போனதால் முதுகெலும்பு தெரிய நிற்கிறது, கடை வாசலில், வெயிலில். உருண்டை ஹெட்லைட், கண்ணீர்த்துளி மாதிரி டேங்க், பார்த்தால் கறுப்பு வெள்ளை காலத்து வண்டி, உள்ளே பட்டனைத் தட்டினால் கிளம்புகிற புது எஞ்சின். பழசு மாதிரி மிமிக்ரி பண்ணுகிற புதுசு, என் சாதி, அதனால்தான் அது வீட்டுக்கு வந்த அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போனது. அம்மாவுக்கும் பிடித்தது. டேங்கில் குங்குமம் வைத்துவிட்டு ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்து, ராணி மாதிரி இருக்குடா வரகு என்றாள். மங்கையர்க்கரசி என்று பேர் வைத்தால் ராணி மாதிரிதானே இருக்கும் என்று அப்பா அன்றைக்குச் சொன்னார், அப்பா ஜோக் அடித்த கடைசி தடவை அதுவாகத்தான் இருக்கும். கழற்றின பழைய சீட்டு மூலையில் கிடக்கிறது. அதன் நடுவில் குறுக்கே போகிற பெல்ட்டு, பின்னால் உட்காருகிறவர்கள் பிடித்துக்கொள்கிற பட்டை, ஒரு முனை அறுந்து நாக்கு மாதிரி வெளியே தொங்குகிறது. பார்க்காதே வரகு. பங்குனியில் திருப்பரங்குன்றத்துக் கல்யாணத்துக்குப் போகும்போது, தோண்டிப் போட்ட ரோட்டில் சக்கரம் இறங்கியதும், அம்மா இழுத்துப் பிடித்தது இந்தப் பட்டையை, அது அறுந்தது, அம்மா மல்லாக்க. இடுப்பெலும்பு. உள்ளே இப்போது இரும்பு வைத்திருக்கிறார்கள். நான் அங்கே இல்லை, நான் வீட்டில் டி.வி.யில் கிரிக்கெட் வர்ணனைக்கு மேல் என் வர்ணனையைப் பேசிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டை அறுந்தது என்பதுதான், அதற்கு மேல் அப்பாவும் சொன்னதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. பட்டை அறுந்தால் அது அப்பா தப்பா, இல்லையே, பிறகு ஏன் அம்மா பேசவில்லை, ஏன் இவர் தனக்குத்தானே இப்படித் தண்டனை போட்டுக்கொள்கிறார், ஒருத்தரையும் இனி பின்னாடி ஏத்த மாட்டேன் என்று கடையில் ஒருத்தரிடம் சொன்னாராம், என்னைக்கூட ஏற்றுவதில்லை, நான் பஸ்ஸில் போகிறேன், உள்ள போ உள்ள போ, எடமிருக்குல்ல, உள்ள போப்பா, அது கண்டக்டர், எல்லா இடத்திலும் யாராவது இடமிருக்கிறது என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள், எங்கள் வண்டியைத் தவிர.

அப்பா என்னை நம்பாததற்கு அந்த ரசம்தான் காரணம். அதற்கு முன்னாலும் பண்ணியிருக்கிறேன், அம்மா குரலில் அப்பா கடைக்குப் போன் போட்டு, வரும்போது பாகற்காய் வாங்கிட்டு வாங்க என்று சொல்லி, பாகற்காயை யாரும் தொடாத எங்கள் வீட்டுக்கு அவர் ஒரு பை நிறையத் தூக்கி வந்து, அம்மா சிரித்துச் சிரித்து அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள், அப்பாவும் சிரித்தார். அது வேறு காலம். விழுந்த பிறகு ஒரு நாள், அப்பா சமைத்து, அப்பாவே பரிமாறி, நாங்கள் இரண்டு பேர் மட்டும் தட்டில் குனிந்து, உள் அறையில் அம்மா, வீடு முழுக்கக் கரண்டிச் சத்தம் மட்டும், எனக்குத் தாங்கவில்லை, என்னங்க, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா என்றேன், அம்மாவின் குரலில், அச்சு அசலாக, அந்த 'ஊத்தவா'வில் அம்மா கொஞ்சம் மேலே ஏறி இறங்குவாளே அதோடு. அப்பா நிமிராமலே, "போதும் மங்கை" என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் எந்தக் குரலாலும் சொல்ல முடியாது. தண்ணீருக்குள் இருந்து ஒருத்தன் மேலே வந்து மூச்சு இழுத்து, எதிரே பார்த்தால் கரை இல்லை, அப்படி. கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "இனிமே அவ குரல்ல நீ வாயத் தொறந்த..." என்றார். உள் அறையில் கட்டில் லேசாக அசைந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அப்படிச் செய்ததால் அன்றைக்கு அதற்கு மேல் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தக் குரலைத் தொடவே இல்லை. தொடவில்லை என்பதை எப்படிக் காட்டுவது, செய்ததைக் காட்டலாம், செய்யாததை எதை வைத்துக் காட்டுவது.

இரு, இரு, இப்படிச் சொல்லலாம். அப்பா, யோசிச்சுப் பாருங்க, நான் அம்மா குரல்ல பேசுனா அம்மா பேசுறதைத்தான் பேசுவேன். ரசம், பாகற்காய், கேஸ், துணி காயப்போட்டியா. கிளிக்குச் சொல்லித் தந்ததைத்தான் கிளி சொல்லும். ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காருவேன் என்று அம்மா எந்தக் காலத்தில் சொன்னாள், மேலமாசி வீதி பூராவும் வேடிக்கை பார்க்கும் என்று நைட்டியோடு மாடிப்படி இறங்காதவள், அம்மா பேசாததை அம்மா குரலில் பேச எனக்கு வராதுப்பா, அதுக்கு அம்மாவே வேணும். நல்ல வாதம். வக்கீல் குரலில் எடுத்துவிடலாம், கனம் கோர்ட்டார் அவர்களே. வாயைத் திறந்தேன். "அப்பா." அவர் திரும்பினார். கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்குகிறது, எப்போது வந்தது அது. "விடுறா வரகு" என்றார், கோபமே இல்லாமல். "நீ நல்லதுக்குத்தான் பண்ணிருப்ப. எனக்குத் தெரியும்." கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் செய்யாத தப்பை மன்னித்துவிட்டார், இனி என்ன சொன்னாலும் அது மேலே மேலே பூசுகிற சாயம்தான். இந்த ஒற்றைச் சீட்டு மாட்டி வண்டி வீட்டு வாசலில் போய் நிற்கும். அம்மாவின் கட்டில் ஜன்னல் ஓரம். வண்டிச் சத்தம் கேட்டதும் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்ப்பாள், இன்றைக்கு நிச்சயம் பார்ப்பாள், கம்பியை நகர்த்தி நகர்த்தி ஃப்ரிட்ஜ் வரைக்கும் போனவள், எத்தனை நாள் வாயை மூடி வைத்திருந்துவிட்டு அப்பாவுக்கான முதல் வார்த்தையை முகம் பார்த்திராத ஒரு சீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பியவள், பதில் என்ன என்று பார்க்காமல் இருப்பாளா. பதில் ஒற்றைச் சீட்டு. உனக்கு இடமில்லை. சுவர்ப் பக்கம் திரும்புவாள். அதற்குப் பிறகு நான் கிழவனாகிற வரைக்கும் உங்கப்பாகிட்ட சொல்லு, உங்கம்மாகிட்ட சொல்லு. பாய் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார், கையில் காகிதப் பொட்டலம், கிடைத்துவிட்டது.

பாய் வண்டி பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். முன் போல்ட்டு ஏறியது. ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிடி தம்பி என்றார், பிடித்தேன், என் கையாலேயே. பாய்க்கு சும்மா வேலை செய்ய வராது, பேச்சுத் துணை வேண்டும். "ஆனா தம்பி, உன்கிட்ட பெரிய வித்தை இருக்கு. பொம்பளைக் குரல்னா எல்லாரும் கீச்சுக்கீச்சுனு பேசுவாங்கெ, நீ அப்படி இல்ல. நடுவுல மூச்சு வாங்குன பாரு, நடந்து வந்த ஆளு மாதிரி. எனக்கு அப்படியே சங்கடமாப் போச்சு, உக்காந்து பேசுங்கம்மான்னுகூடச் சொன்னேன்ல?" நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த பெல்ட்டு சமாச்சாரம் மட்டும்தான் எனக்கு விளங்கல. எதுக்கு அதைச் சொல்லச் சொன்ன?" "என்ன பெல்ட்டு?" என்றேன், எந்தக் குரலும் போடாமல். "அட, நீதானப்பா சொன்ன. புதுச் சீட்டுல புடிக்கிற பட்டை வச்சுத் தைக்காதீங்க, சட்டை கசங்குனா கசங்கட்டும், நான் அவரு தோளத்தான் புடிப்பேன், இதை அவர்ட்ட மறக்காமச் சொல்லிருங்கன்னு." ஸ்பேனர் திரும்பியது. நிமிர்ந்து பார்த்தபோது அப்பா தெருவைப் பார்க்கவில்லை. இரண்டு கையும் தன் சட்டையைப் பிடித்திருந்தன, தோளுக்குக் கீழே, கொத்தாக, யாரோ பின்னாலிருந்து பிடித்த மாதிரி. கல்யாணத்துக்குப் போகிற அவசரம், அயர்ன் பண்ணின சட்டை, தோள்ல கை வைக்காத மங்கை, கசங்கும், பட்டையைப் புடிச்சுக்க. யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆனால் அப்பாவின் குரல் எனக்குத் தெரியுமே, அவர் எதை எப்படிச் சொல்வார் என்று தெரியுமே, அது அப்படியே என் காதில் கேட்டது, பரணில் அயர்ன் பாக்ஸ் ஏன் கிடக்கிறது என்பதும் விளங்கியது.

"பாய்" என்றார் அப்பா. "என்ன சொன்னா?" பாய் மறுபடி சொன்னார், சந்தையில் விலை சொல்வது மாதிரி. "எப்படிச் சொன்னா? கோவமாவா?" "அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது சார். தம்பியே நிக்கிதே, தம்பியைச் சொல்லச் சொல்லுங்க." அப்பா என் பக்கம் திரும்பினார். அந்தப் பேச்சு அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்தது, அதனால் நான் பேசவில்லை என்று அவருக்கு இப்போது தெரியும், தெரிந்தும் அந்த முகத்தோடு திரும்பினார், தண்ணீருக்குள் இருந்து மேலே வந்த அதே முகம். "சொல்லிக் காட்டுடா" என்றார். "ஒரே ஒரு தடவை." என்னால் முடியும். மூச்சு எங்கே வாங்கியிருப்பாள், 'கசங்கட்டும்' என்பதில் எங்கே அழுத்தியிருப்பாள், கோபம் எவ்வளவு, மீதி எவ்வளவு, எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது, உதட்டைத் திறந்தால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டேன். "மாட்டேம்ப்பா. வீட்டுக்குப் போயி நீங்களே கேளுங்க." பாய் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், அவர் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. "அப்ப அது..." என்றார். அப்பா சட்டையை விட்டார். "பாய், இதைக் கழட்டிருங்க. ஃபோம் அறுத்து வச்சேன்னீங்களே, அதைப் போடுங்க." பட்டை வச்சு, என்று பாய் பழக்கத்தில் ஆரம்பித்தார். "வேணாம்."

நீளச் சீட்டு ஏறி முடிய வெகுநேரமானது, அதுவரைக்கும் அப்பா நடந்துகொண்டே இருந்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, பட்டனைத் தட்டி, "ஏறு" என்றார். நான் பஸ்சுக்கு வைத்திருந்த சில்லறையைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். "எங்கடா புடிச்சிருக்க?" "எங்கயும் புடிக்கலப்பா." "தோளப் புடி." பிடித்தேன். கசங்கின சட்டைக்குள் எலும்பு. மேலமாசி வீதிக்கு முந்தின சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றோம். அப்பா தொண்டையைச் செருமினார். மிக மெல்ல, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, "மங்கை" என்றார். சரியாக வரவில்லை. கொஞ்சம் இறக்கி, "மங்கை, நான் அன்னைக்கி..." அதுவும் வரவில்லை, நடுவில் உடைந்தது. தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி செருமினார். புதுக் குரல் ஒன்றைப் பழகும்போது நானும் பாத்ரூமில் இப்படித்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். பச்சை விழுந்தது, பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை வைத்து அமுக்கினார், அப்பா வண்டியை எடுக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தார்.